பொன்னுக்கு நிறை பார்க்கிறோம், கைக்கு?

ஸ்காபறோவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீடொன்றின் பக்கக் கதவைத் திறந்து, ஒடுங்கிய படிகளில் இறங்கி, நிலக்கீழ் அறைக்குள் நுழைந்தோம். ஒரு மூலையில் துணி தோய்க்கும் இயந்திரம்; மறு மூலையில், சிறு சாளரத்தின் கீழ், ஒரு தாழ்ந்த மரமேசை. அதன் மேல் விளக்கு, குறடுகள், சாமணங்கள், அரங்கள், கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மின்தராசு. மேசையின் முன்னால் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பரம்பரையாகப் பொன்வேலை செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தமது பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். எனவே, எம்மவர்கள் அவரை அழைப்பது போலவே பத்தர் என்று மட்டும் இங்கு குறிப்பிடுகிறோம்.

நாம் சென்றிருந்த வேளையில் சகோதரி ஒருவர் தமது தாலிக்கொடியுடன் வந்திருந்தார். கொடியின் ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. தாலியை மஞ்சள் நூலில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு, கொடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்தார். பத்தர் அதைத் தராசில் வைத்தார். சகோதரி குனிந்து பார்த்தார். 87.42 கிறாம். புள்ளிக்குப் பின்னால் நின்ற இரண்டு இலக்கங்களையும் சேர்த்துத் தமது கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டார். அதன் பின்னரே கூலியைக் கேட்டார்.

"நாற்பது டொலர் தாங்கோ, பிள்ளை."

"ஒரு கண்ணிதானே, பத்தர் ஐயா! அதுக்கு நாற்பதோ?"

பத்தர் தர்க்கிக்கவில்லை. "சரி, முப்பதைத் தாங்கோ" என்றார்.

அச்சகோதரியைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. இரவு வேலை முடித்து, உறங்காத கண்களோடு வந்திருந்தார். அந்தக் கொடி அவருக்கு அணிகலன் மட்டுமன்று, குடும்பத்தின் கடைசிச் சேமிப்பும் அதுவே. நாமும் ஒரு காலத்தில் எமது தாயாரின் சங்கிலியைத் திருத்தக் கொடுத்து, ஐந்து டொலரைக் குறைப்பித்து, அதை வீட்டில் பெருமையாகச் சொன்னவர்கள்தாம். ஆயினும் அன்று படியேறி வெளியே வந்தபோது ஒரு கேள்வி எம்முடன் கூடவே வந்தது. பொன்னை நூறில் ஒரு கிறாம் வரை நிறுத்துப் பார்க்கும் நாம், அப்பொன்னைச் சங்கிலியாக்கும் கையை எதைக்கொண்டு நிறுக்கிறோம்?

ஒரு கண்ணியின் கதை

ஒரு கண்ணியை ஒட்டுவதென்றால் என்ன? அன்று பத்தர் எமக்காகவே சற்று மெதுவாகச் செய்து காட்டினார்.

முதலில் பிளந்த வாயைத் திருத்தினார். கண்ணியின் இரு முனைகளும் ஒன்றையொன்று முழுமையாகத் தொடவேண்டும். மயிரிழை இடைவெளி இருப்பினும் ஒட்டு நிலைக்காது. உருகிய பற்றாசு இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. நெருங்கி நிற்கும் இரு முகங்களுக்கிடையே தானாகவே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. எனவே முனைகளை அரத்தால் தேய்த்து, இரு குறடுகளால் பக்கவாட்டில் அசைத்து நெருக்கினார். பின்னர் வெங்காரத்தை நீரில் குழைத்துப் பூசினார். வெங்காரம் சூட்டில் கண்ணாடி போல் உருகி, உலோகத்தின் மேல் களிம்பு படியாதவாறு காக்கும். கடுகிலும் சிறிய பற்றாசுத் துணுக்கொன்றை ஒட்டின் மேல் வைத்தார். அயலில் இருந்த கண்ணிகளை விலக்கி, அவற்றின் மேல் ஈரமண் அப்பினார். இல்லையேல் ஒரு கண்ணியை ஒட்டப்போய் மூன்று கண்ணிகள் ஒன்றாய் இறுகிவிடும்.

இவ்வளவுக்கும் பின்னரே நெருப்பு. தூய பொன் 1064 பாகை செல்சியஸில் உருகும். செம்பு 1085 பாகையில். ஆனால் இவ்விரண்டையும் கலந்தால், கலவை இரண்டையும் விடக் குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கும். பற்றாசின் இரகசியம் இதுவே. நகையின் பொன்னிலும் சற்று முன்னதாக உருகும் கலவையைச் செய்துகொண்டால், நகை நிற்க, பற்றாசு மட்டும் ஓடும். ஆனால் 22 கரட் பொன்னில் இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான தூரம் சிறிது. ஒரு கணம் முந்தினால் பற்றாசு உருண்டையாய் நிற்கும். ஒரு கணம் பிந்தினால் கண்ணியே சரிந்து குளமாகும். பொன்னின் நிறத்தையும், பற்றாசு மினுங்கி ஓடும் அந்த ஒரு நொடியையும் கண்ணால்தான் அறியவேண்டும். மேசை விளக்கை ஏன் அணைத்தார் என்று முதலில் எமக்கு விளங்கவில்லை. வெளிச்சம் மிகுந்தால் பொன்னின் சிவப்புத் தெரியாது.

பின்னர் நீரில் தோய்த்து, களிம்பு போக்கி, அரத்தால் தேய்த்து, மெருகேற்றினார். அந்த ஒரு கண்ணிக்கு எடுத்த நேரம் 35 நிமிடம். அதன் பின்னர், யாரும் கேளாமலே, கொடியின் ஏனைய கண்ணிகளையும் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்து, தேய்ந்திருந்த இரண்டைச் சகோதரிக்குக் காட்டினார். கூலி முப்பது டொலர்.

ஒரு முழுச் சங்கிலியைக் கையால் செய்வதாயின் கணக்கு எப்படிப் போகும்? பொன்னைக் கம்பியச்சில் இழுத்துக் கம்பியாக்கி, கோலில் சுருளாகச் சுற்றி, சுருளை அறுத்து வளையங்களாக்க வேண்டும். அவற்றுட் பாதியைத் தனித்தனியே ஒட்டி மூடிக்கொண்டு, மூடிய இரண்டைத் திறந்த ஒன்றால் கோத்து ஒட்டிக்கொண்டே போகவேண்டும். 24 அங்குலச் சங்கிலியில் மூன்று மில்லிமீற்றருக்கு ஒரு கண்ணியென்று கொண்டால் ஏறத்தாழ 200 கண்ணிகள், 200 ஒட்டுகள். ஒட்டொன்றுக்கு மூன்று நிமிடமே என்றாலும், ஒட்டுவதற்கு மட்டும் பத்து மணித்தியாலங்கள்.

திண்ணைப் பட்டறையும் சேதாரமும்

யாழ்ப்பாணத்தில் பொன்வேலை பெரும்பாலும் வீட்டுத்தொழிலாகவே இருந்தது. கன்னாதிட்டியிலும் அதன் அயலிலும் பொற்கொல்லர் குடும்பங்கள் வாழ்ந்தன. வீட்டின் முன்புறமே பட்டறை. உமித்தணல், வாயால் ஊதும் ஊதுகுழல், அடைகல், உரைகல், மூசை, நிறுப்பதற்குக் குன்றிமணி, மஞ்சாடி, நகை வெளுப்பதற்குப் புளி. தந்தையின் அருகே அமர்ந்து ஊதுகுழல் பிடித்துத்தான் மகன் தொழில் கற்றான். மூச்சை மூக்கால் இழுத்து, கன்னத்தில் தேக்கி, இடையறாமல் ஊதும் பயிற்சிக்கே ஓராண்டு சென்றதென்று பத்தர் கூறுகிறார்.

திருமணமென்றால் முதலில் அழைக்கப்படுபவர் அவர்தாம். நல்ல நாளில், நல்ல வேளையில், உறவினர் சூழ்ந்திருக்கப் பொன்னுருக்கல் நடைபெறும். பொன் நாணயத்தை மூசையில் இட்டு உருக்கி, அதிலிருந்தே தாலி செய்யப்படும். நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் முன்னால் பத்தருக்கு வேட்டியும் தட்சணையும் கொடுத்து மரியாதை செய்வார்கள். அதே பத்தர் மறுநாள் கூலி கேட்டால் மட்டும் பேரம் தொடங்கும்.

பொற்கொல்லன் பெற்ற தாயின் பொன்னிலும் எடுப்பான் என்பதாக ஒரு பழமொழி எம்மிடம் உண்டு. கோவலன் கொலைக்குக் காரணமான மதுரைப் பொற்கொல்லனைச் சிலப்பதிகாரத்தில் படித்த எமக்கு அந்தச் சந்தேகம் இலக்கியத்தோடு ஊறிவிட்டது. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன காலத்தில் நாமும் அப்பாத்திரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியதுண்டு. கூலியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

சேதாரம் என்ற ஏற்பாட்டைச் சற்று எண்ணிப்பாருங்கள். உருக்கும்போதும் அரத்தால் தேய்க்கும்போதும் பொன் ஓரளவு குறையவே செய்யும். அதற்காக நூற்றுக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது சேதாரம். ஆனால் செய்கூலி எப்போதும் குறைவாகவே பேசப்பட்டதால், தூளைக் கூட்டிச் சேர்த்து, சேதாரத்தில் மிச்சம் பிடித்தே பொற்கொல்லன் அடுப்பெரிக்க வேண்டியதாயிற்று. தமிழகத்து நகரங்களில் பொற்கொல்லர் தெருப் புழுதியை அரித்துப் பொன்தூள் எடுத்துப் பிழைப்பவர்களும் உண்டு. ஆக, நேரே கொடுக்க வேண்டிய கூலியை நாம் மறைமுகமாகக் கொடுத்தோம். மறைமுகமாகப் பெற்றவனைக் கள்வனென்றோம். பழமொழி எங்களுக்குச் சந்தேகப்படக் கற்றுத் தந்தது. கணக்குப் பார்க்கக் கற்றுத் தரவில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோது நகைக்கடைகளுக்குப் பெயர்போன செட்டியார் தெருவும் தப்பவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பத்தர் அந்தச் சனத்திரளில் ஒருவர். சைக்கிளில் ஒரு பக்கம் அரிசி. மறுபக்கம் தகப்பனாரின் கம்பியச்சு. உருக்கினால் செய்யப்பட்ட, ஓர் அடிக்கும் குறைந்த நீளமுள்ள அந்தத் தகடு, இன்று ஸ்காபறோவில் அவர் மேசையின் இழுப்பறைக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. அதைப் பயன்படுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இழுக்கப்படாத கம்பி

ஏன் பயன்படவில்லை? சங்கிலி இப்போது இயந்திரத்திலிருந்து வருகிறது. இத்தாலியின் அரெற்சோ, விசென்சா நகரங்கள் இயந்திரச் சங்கிலிக்குப் பேர்போனவை. கம்பியை வளைத்து, கோத்து, மூடுவதை இயந்திரம் நொடிக் கணக்கில் செய்கிறது. சில ஆலைகளில் கம்பியின் நடுவிலேயே பற்றாசை வைத்து இழுத்துவிடுகிறார்கள்; சூளைக்குள் சென்று வெளிவரும்போது அத்தனை கண்ணிகளும் ஒருங்கே ஒட்டியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்தும் டுபாயிலிருந்தும் சிங்கப்பூரின் சிராங்கூன் வீதியிலிருந்தும் எம்மவர் வாங்கி வரும் சங்கிலிகளிற் பல இத்தகையவை.

இயந்திரத்தோடு போட்டியிட முடியாதென்பதைப் பத்தர் அறிவார். அவருக்கு எஞ்சியவை இரண்டு. ஒன்று பொன்னுருக்கல். அதையும் தொடர்மாடி வீட்டில் செய்யப்போய், புகை எச்சரிக்கை மணி அலறி, மேலும் கீழும் உள்ள அயலவர் படியிறங்கி ஓடிய கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். மற்றது திருத்தவேலை. இயந்திரம் ஒட்டிய கண்ணியும் தேயும், பிளக்கும், குழந்தையின் கை இழுத்தால் அறும். அறுந்த கண்ணிக்கு ஆலையை நாட முடியாது. இந்த மேசைக்குத்தான் வரவேண்டும்.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பற்றாசு இல்லாமல், பொன்னையே ஒரு புள்ளியில் உருக்கிப் பொன்னோடு இணைக்கும் சிறிய மின்துடிப்பு இயந்திரங்கள் சில ஆயிரம் டொலருக்குக் கிடைக்கின்றன. ஊசி முனை போன்ற தங்ஸ்தன் கம்பியிலிருந்து ஒரு பொறி, சில ஆயிரத்திலொரு வினாடி மட்டும். காற்றுப் படாதவாறு ஆர்கன் வாயு அப்புள்ளியைச் சூழ்ந்து நிற்கும். சூடு பரவாததால் கல் பதித்த இடத்துக்கு அருகிலும் ஒட்டலாம். பற்றாசு சேராததால் பொன்னின் மாற்றும் குறையாது. கொழுவி இல்லாத சங்கிலியை மணிக்கட்டிலேயே வைத்து ஒட்டிவிடும் ஒரு வழக்கம் 2020களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவெங்கும் இளம்பெண்களிடையே பரவியதும் இந்த இயந்திரத்தால்தான்.

பத்தரின் அறையிலும் அப்படியொன்று உண்டு. அதை இயக்குபவர் கிழக்கு மாகாணத்திலிருந்து வந்து அகதி அந்தஸ்துக் கோரி, விசாரணைக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞர். பத்தரின் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறார்; பத்தரிடம் தொழில் பயில்கிறார். இயந்திரத்தைச் சீட்டுக் காசில் வாங்கினார்கள். வேலை அனுமதிப்பத்திரம் உண்டு. நெருப்பு வேலையைப் பத்தரும், பொறி வேலையை இளைஞருமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய கணக்கைக் கேட்டோம். நகைக்கடையொன்று வெள்ளிக்கிழமை மாலை திருத்தவேண்டிய சங்கிலிகளைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை திரும்பக் கொடுக்கவேண்டும். ஒட்டொன்றுக்கு ஒரு டொலர். வாயை நெருக்கி, ஒட்டி, பூதக்கண்ணாடியில் சோதித்து, தேய்த்து முடிக்க ஐந்து நிமிடமென்றால் மணிக்குப் பன்னிரண்டு டொலர். ஒட்டு விட்டுப்போனால் மறுபடி செய்வதற்குக் கூலி இல்லை. ஆர்கன் வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் அவரே பொறுப்பு. இது குறைவல்லவா என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "தம்பி, இது உங்கட சொந்தத் தொழில்தானே" என்று பதில் வந்ததாம். கடைக்காரரும் எம்மவரே.

நூறாண்டுக்கு முந்திய சங்கிலிப் பெண்கள்

வீட்டுக்குள் இருந்து சங்கிலி ஒட்டுபவரை, அவருடைய சொந்தத் தொழில் என்று சொல்லித் தட்டிக் கழிப்பது புதிதன்று. இங்கிலாந்தில், பேர்மிங்ஹாம் நகருக்கு மேற்கே கிரேட்லி ஹீத் என்று ஓர் ஊர். இரும்புச் சங்கிலிக்குப் பெயர்போன வட்டாரம். டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரம் செய்யப்பட்ட நெதர்டனும் அவ்வட்டாரத்திலேயே உண்டு. கப்பற் சங்கிலி போன்ற பெரியவற்றை ஆலைகளில் ஆண்கள் செய்தார்கள். சிறிய சங்கிலிகளையோ பெண்கள், தத்தம் வீட்டுப் பின்வளவில் அமைந்த சிறு உலைக்களங்களில், குழந்தைகளை அருகே கிடத்திக்கொண்டு செய்தார்கள்.

இரும்புக்குப் பற்றாசு தேவையில்லை. கம்பியை வளைத்து, முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, வெண்சூடு ஏறும்வரை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தால் இரும்பு இரும்போடு ஒன்றிவிடும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு முறை உலை. ஒவ்வொரு முறை சம்மட்டி. இரும்பைத் தந்து சங்கிலியை நிறைக்கு வாங்கிச் சென்றவர்கள் இடைத்தரகர்கள். வாரம் ஐம்பது மணிக்கு மேல் உழைத்தும் பல பெண்களின் கையில் சேர்ந்தது ஐந்து, ஆறு சிலிங் மட்டுமே.

1909ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம், கூலி மிகக் கேவலமாக இருந்த நான்கு தொழில்களுக்கு ஆகக் குறைந்த கூலியை நிர்ணயிக்கச் சட்டம் இயற்றியது. அந்த நான்கில் சங்கிலித் தொழிலும் ஒன்று. மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று 1910இல் தீர்மானமாயிற்று. 54 மணி வாரத்துக்கு 11 சிலிங் 3 பென்ஸ். பலருக்கு அது முன்னைய கூலியின் இருமடங்கு. முதலாளிகள் என்ன செய்தார்கள்? புதிய கூலி சில மாதங்களுக்கு வேண்டாமென்று தொழிலாளியே சம்மதித்தால் பழைய கூலியைத் தொடரலாமென்று சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. எழுத்தறியாத பெண்களிடம் தாளை நீட்டி அடையாளம் இடுவித்தார்கள்.

1910 ஆகஸ்டில் பெண்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். ஏறத்தாழ 800 பேர். மேரி மக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி முன்னின்றார். சங்கிலி செய்து முதுமையடைந்த, 79 வயதான பேஷன்ஸ் ரவுண்ட் என்ற மூதாட்டியும் அப்போராட்டத்தில் நின்றார். அப்போது புதுமையாக இருந்த திரைப்படச் செய்திகளில் அப்பெண்களின் முகங்கள் நாடெங்கும் காட்டப்பட்டன. நாடெங்குமிருந்து நன்கொடை வந்து குவிந்தது. பத்து வாரங்களின் பின், ஒக்ரோபர் 22ஆம் நாள், கடைசி முதலாளியும் கையொப்பமிட்டார். நிதியில் மீந்த பணத்தில் அவர்கள் கட்டிய தொழிலாளர் மண்டபம் 1912இல் திறக்கப்பட்டது. பின்னர் அது கல்லுக்குக் கல் பெயர்க்கப்பட்டு, அவ்வட்டார வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பப்பட்டுள்ளது.

அப்பெண்கள் கேட்டது புதிய உரிமையை அன்று. சட்டம் ஏற்கனவே கொடுத்துவிட்டதையே கேட்டார்கள். இளைஞரின் நிலையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ரொறன்ரோவிலும் வீட்டிலிருந்து துண்டுக் கூலிக்கு உழைத்தவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டில் தையல் தைத்த புலம்பெயர்ந்த பெண்கள், பெரும்பாலும் சீனப் பெண்கள், 1992இல் ஆடைத் தொழிற்சங்கத்தின் துணையோடு வீட்டுத் தொழிலாளர் சங்கமொன்றை இங்கு அமைத்தார்கள்.

ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டத்தில் வீட்டுத் தொழிலாளர் என்று தனியொரு வகுப்பு உண்டு. வேலைகொள்வோருக்காகத் தம் வீட்டிலிருந்து பொருட்களைச் செய்யும் அல்லது திருத்தும் ஊழியருக்கு, பொது ஆகக் குறைந்த சம்பளத்திலும் 10 வீதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். 2025 ஒக்ரோபரில் பொதுச் சம்பளம் மணிக்கு 17.60 டொலராக உயர்த்தப்பட்டபோது வீட்டுத் தொழிலாளருக்கு 19.35 டொலராயிற்று. துண்டுக் கணக்கில் கொடுத்தாலும், மணிக்கணக்கில் பார்க்கும்போது இதற்குக் குறையக்கூடாது. என்ன வேலை, துண்டுக்கு என்ன கூலி என்பதை வேலைகொள்வோர் எழுத்தில் தரவும் வேண்டும்.

உண்மையாகவே சொந்தத் தொழில் நடத்துபவருக்கு இது பொருந்தாது. ஆனால் ஒருவர் சொந்தத் தொழிலாளியா, ஊழியரா என்பதை வேலை கொடுப்பவர் வாயால் சொல்லி முடிவுசெய்ய முடியாது. வேலையின் நேரத்தையும் விலையையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது போன்றவற்றைப் பார்த்தே அது முடிவாகும். பெறாத கூலிக்கு இரண்டாண்டுக்குள் மாகாணத் தொழில் அமைச்சில் முறையிடலாம். சமூக சட்ட உதவி நிலையங்களில் இலவசமாக ஆலோசனை பெறலாம். அகதிக் கோரிக்கையோடு காத்திருப்பவர்கள் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு செயற்படுவது நன்று. ஆனால் பயத்தினால் வாய் திறவாமல் இருக்கவேண்டியதில்லை.

மூச்சோடு போகும் நஞ்சு

கூலி குறையும்போது குறைவது கூலி மட்டுமன்று. அவசரம் வரும், காற்றுக்குச் செலவழிக்க மனம் வராது. கேடிஎம் நகையென்ற சொல்லை எம்மவர் அறிவர். பழைய செம்பு, வெள்ளிப் பற்றாசு நகையின் மாற்றைக் குறைத்தது. அதற்கு மாற்றாக, காட்மியம் கலந்த பற்றாசு இந்தியாவில் பரவியது. பொன்னின் பங்கு மிகுதியாக இருந்தும் அது எளிதில் ஓடும். ஆனால் காட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993இல் அதனைப் புற்றுநோய்க் காரணியென்று வகைப்படுத்தியது. அணிபவருக்கு அன்று, ஒட்டுபவருக்கே அபாயம். ஊரில் திறந்த திண்ணையில் கலைந்துபோன புகை, பனிக்காலத்தில் சாளரம் அடைத்த நிலக்கீழ் அறையில் எங்கே போகும்? அதே வீட்டின் மேல்மாடியில் குழந்தைகள் உறங்குகிறார்கள். எந்தக் கேடிஎம் நகையையும் மறுபடி காய்ச்சும்போது அந்த ஆவி எழலாம் என்பதையும் மறக்கலாகாது.

புரொப்பேன் உருளையும் அவ்வாறே. அந்த வாயு காற்றிலும் பாரமானது. நிலக்கீழ் அறையில் கசிந்தால் வெளியேற வழியின்றித் தரையோடு தேங்கிநிற்கும். ஒரு பொறி போதும். பத்தர் உருளையை வீட்டுக்குள் வைப்பதில்லை. புகையிழுக்கும் விசிறியொன்றைச் சாளரத்தோடு பொருத்தியிருக்கிறார். காட்மியம் கலந்த பற்றாசை அவர் தொடுவதில்லை. இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அந்தச் செலவும் நாற்பது டொலருக்குள்தான் அடங்கியிருந்தது.

திருத்தக் கொடுப்போர் கேட்கவேண்டியவை சில உண்டு. பற்றாசு எந்தக் கரட், காட்மியம் உண்டா என்று கேளுங்கள். கொடுக்கும்போதும் பெறும்போதும் நிறை பாருங்கள். அது உங்கள் உரிமை. கனடாவில் பொன்னுக்குத் தரமுத்திரை இடுவது கட்டாயமன்று. இட்டால், பதிவுசெய்யப்பட்ட அல்லது பதிவுக்கு விண்ணப்பித்த வணிகக் குறியும் உடனிருக்கவேண்டும் என்பதே சட்டம். இந்தியாவிலோ 2021 ஜூனிலிருந்து படிப்படியாக முத்திரை கட்டாயமாகி வருகிறது. எனவே வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். இவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த நேரத்தை உங்கள் சொந்த மணிக்கூலியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பேரம் பேசுவதானால் பேசலாம்.

இரு வாரங்களின் பின் மறுபடி அந்தப் படிகளில் இறங்கினோம். இளைஞரின் மேசையில் இயந்திரத்துக்கு அருகே ஒரு பாடசாலைக் கொப்பி புதிதாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒட்டுகளின் எண்ணிக்கை, பெற்ற காசு. எம்மிடம் அன்று பேசியபின் அவரே கோடு கீறித் தொடங்கியதாம். மேலே நாம் கூறிய கூலிக் கணக்கு, அவர் நினைவிலிருந்து சொன்னது. கொப்பியின் கணக்கு அதைவிடக் குறைவாக இருந்தது. மணிக்கு 10 டொலர் 40 சதம்.

"கடைக்காரரிட்டைக் காட்டப்போறீரோ?" என்று கேட்டோம்.

அவர் பத்தரைப் பார்த்தார். பத்தர் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே, "முதல்ல ஒரு மாதம் ஒழுங்கா எழுதட்டும், சேர். நிறை சரியாப் பாத்துப்போட்டுத்தானே விலை பேசவேணும்" என்றார்.